டிசி-3 விமானங்களில் உரம் தூவிய காலம்: அந்த வேலையை அறிந்தவர்கள் விவரம் தர வேண்டுகிறேன்

குளுவாங் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலம், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்த முதியவர்களின் நினைவுகளை, எங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து பதிவு செய்து வருகிறோம். பால்வெட்டு, ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்), ஆயக்கொட்டகை (குழந்தைகள் காப்பகம்), பிரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எனப் பலவற்றைப் பற்றியும் நல்ல விவரங்கள் சேர்ந்துவிட்டன. ஆனால், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் விமானத்திலிருந்து உரம் தூவிய வேலையைப் பற்றி முழுமையாகச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இதுவரை அகப்படவில்லை. பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த வேலையில் கைவைத்தவர்கள்தாம் குறைவு.

சென்ற வாரம் நாங்கள் சந்தித்த ஒரு பெரியவர், "இங்கே வந்தவை எல்லாம் சின்ன விமானங்கள். நியூசிலாந்தில் பயணிகள் ஏறிச் செல்லும் இரட்டை எஞ்சின் விமானத்தின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஐந்து டன் உரத்தை ஏற்றிக்கொண்டு போய் மலைமேல் கொட்டினார்கள். நம் ஊர்க்காரர் ஒருவரும் அங்கே வேலை செய்தார்" என்று உறுதியாகச் சொன்னார். அது எந்த விமானம், உரத்தை அதில் எப்படி ஏற்றினார்கள், தரையில் நின்றவர்களின் வேலை என்ன, அவ்வளவு பெரிய விமானங்கள் நம் தோட்டங்களுக்கு ஏன் வரவில்லை என்பவற்றை அறிய விரும்புகிறேன். விமானிகளின் தீரச்செயல்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூட்டை தூக்கியவர், தொட்டி கழுவியவர், திருகாணி முடுக்கியவர் ஆகியோரின் வேலையையே எங்கள் பதிவில் முதன்மையாக வைக்க எண்ணியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற விமான மெக்கானிக் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. குளுவாங்கில் பிறந்து வளர்ந்தவன் நான். எழுபதுகளில் நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த் நகரில் உரம் தூவும் டிசி-3 விமானங்களைப் பராமரித்த ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) மெக்கானிக்காக இருந்தேன். அவர் குறிப்பிட்டது என்னையா, வேறொருவரையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த விமானத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் அந்த நாட்டுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் வட தீவில் ஆடு மேயும் நிலத்தின் பெரும்பகுதி செங்குத்தான குன்றுகள். அங்கே புல்லோடு சேர்த்துக் குளோவர் என்னும் பயறுவகைச் செடியை வளர்க்கிறார்கள். அது காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்த்துத் தரும். ஆனால் பாஸ்பரசும் கந்தகமும் இல்லாவிட்டால் அந்தச் செடி தழைக்காது. அந்த இரண்டையும் ஒன்றாகத் தருவது சூப்பர் பாஸ்பேட். குன்றின்மேல் டிராக்டர் ஏறாது. கையால் தூவுவதும் நடவாத காரியம். எனவே 1948-இல் அந்நாட்டு விமானப்படை, போரில் பயன்பட்ட அவெஞ்சர் விமானம் ஒன்றில் குண்டு வைக்கும் இடத்தில் உரத்தொட்டியைப் பொருத்திச் சோதனை செய்தது. அடுத்த ஆண்டே தனியார் டைகர் மோத் விமானங்களின் முன்னிருக்கையைக் கழற்றி, அங்கே தொட்டி வைத்துத் தொழிலைத் தொடங்கிவிட்டார்கள். அதில் கால் டன்கூட ஏறாது. பிறகு இந்த வேலைக்கென்றே வடிவமைத்த பிளெட்சர் விமானம் 1954-இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் பிறகு நாடு முழுவதும் பிளெட்சர்தான்.

பெரிய விமானங்கள் இவற்றுக்குப் பக்கத்தில் வேறொரு வரிசையாக வந்தன. லாக்ஹீட் லோட்ஸ்டார் ஒன்று, டிசி-3 மற்றொன்று. டிசி-3 என்பது 1935-இல் முதன்முதலாகப் பறந்த பயணிகள் விமானம். போர்க்காலத்தில் டக்கோட்டா என்னும் பெயரும் பெற்ற அது, நம் மலாயாவின் வானத்திலும் நிறையப் பறந்திருக்கிறது. மலாயன் ஏர்வேஸ் நிறுவனமும் அதைப் பயன்படுத்தியது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 29 மீட்டர். 1,200 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் இரண்டு. உள்ளே இருக்கை, தரைவிரிப்பு, உட்சுவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பெரிய உரத்தொட்டி ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். விமானத்தின் முதுகில் திறப்பு இருக்கும். அதன் வழியாக உரம் உள்ளே விழும். அடிவயிற்றில் கதவும், அதன்கீழ்க் காற்றின் வேகத்தால் தூளை இருபுறமும் விரித்துவிடும் உலோகக் குழல்களும் இருக்கும். ஐந்து டன் ஏற்றலாம். ஹெக்டருக்கு 250 கிலோ வீதம் தூவினால், ஒரே சுமையில் ஏறக்குறைய இருபது ஹெக்டர் முடிந்துவிடும்.

இனி நீங்கள் கேட்ட தரைவேலைக்கு வருகிறேன். விமானம் பறக்கும்போதுதான் காசு தருகிறது. தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். ஆகவே உரம் ஏற்றும் லோரியை ஓட்டியவரே அந்தக் குழுவில் மிகவும் திறமை வேண்டியவர் என்பது என் உறுதியான எண்ணம். உரம் ஓடுபாதையின் ஓரத்துக் கொட்டகையில் மூட்டையாக இராது. தளர்வாகக் குவித்து வைத்திருப்பார்கள். அவர் அதை வாரியெடுத்து, விமானம் வந்து நிற்கும் முன்பே தயாராகக் காத்திருப்பார். நின்றதும், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் புரொப்பெல்லரிலும் இறக்கையிலும் படாமல் கவனமாக நெருங்கி, முதுகுத் திறப்பின்மேல் வாளியைக் கொண்டுபோய்க் கவிழ்ப்பார். ஒரு கை அகலம் தவறினாலும் விமானத்தின் தோல் நசுங்கிவிடும். அன்றைய வேலை அத்தோடு நின்றுபோகும்.

அடுத்த கவலை ஈரம். சூப்பர் பாஸ்பேட் ஈரம்பட்டால் தொட்டிக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். வாய் திறந்தாலும் நடுவில் ஓட்டை விழுந்து சுற்றுச்சுவரில் உரம் ஒட்டி நிற்கும். அல்லது வாயின்மேல் வளைவாகக் கட்டிக்கொண்டு சிறிதும் இறங்காது. விமானி வரிசை பிடித்துக் குன்றுக்குமேல் போய்க் கதவைத் திறந்த பிறகு உரம் விழாவிட்டால், அந்தச் சுற்று வீண் என்பதோடு, முழுச் சுமையுடன் திரும்பி வந்து இறங்கவும் வேண்டும். அதனால் கொட்டகையின் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது முதல், இரவில் தொட்டியின் மூடியைச் சரியாக இறுக்கிக் கட்டுவது வரை எல்லாமே தரைக்குழுவின் பொறுப்பாகும்.

எஞ்சின் வேலை தனி. இவை ஒவ்வொன்றிலும் வட்டமாக அடுக்கிய 14 சிலிண்டர்கள் உண்டு. இரவில் எண்ணெய் மெல்ல வடிந்து கீழ்ப்புறச் சிலிண்டர்களில் தேங்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால், எண்ணெயைப் பிஸ்டனால் அமுக்க முடியாமல் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். எனவே விடியற்காலையில் முதல் வேலையாக, புரொப்பெல்லரைக் கையால் பிடித்து ஒவ்வோர் அலகாகச் சுற்றிவிடுவோம். எங்கேனும் முரண்டு பிடித்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளக்கூடாது. கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிய விட வேண்டும். சிலிண்டருக்கு இரண்டு பிளக் வீதம் ஒரு விமானத்தில் 56 பிளக்குகள். குளிர்காலக் காலையில் அவற்றைக் கழற்றி மாட்டியவருடைய விரல்களுக்கு அந்தக் கணக்கு மறக்காது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி அரிப்பு. சூப்பர் பாஸ்பேட் என்பது பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் செய்வது. அமிலத்தன்மை அதில் எஞ்சியிருக்கும். அந்தத் தூள் தொட்டியிலிருந்து கசிந்து, தரைத்தகட்டின்கீழ் ஓடும் கட்டுப்பாட்டுக் கம்பிகளிலும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளிலும், வால் சக்கரம் இருக்கும் குழியிலும் சேரும். ஈரக்காற்று பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். மாலையில் விமானத்தைத் தண்ணீரால் கழுவுவது எங்களுக்குத் தினசரி கடமை. கழுவி முடித்த பிறகு விளக்கையும் நீண்ட பிடியுள்ள சிறு கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வயிற்றுக்குள் ஊர்ந்து செல்வோம். அலுமினியத் தகட்டின் ரிவெட் தலையைச் சுற்றி வெண்சாம்பல் நிறத்தில் மாவு பூத்திருந்தால், அதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். மேலோடு உதிர்ந்து கீழே பளபளப்பான உலோகம் தெரிந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து, அரிப்பைத் தடுக்கும் குரோமேட் பூச்சு பூசினால் போதும். நகம் உள்ளே இறங்கினால், அல்லது தகடு ஏடு ஏடாகப் பிரிந்தால், அந்தத் துண்டையே வெட்டியெடுத்துப் புதிது வைக்க வேண்டும். எஃகுக் கம்பிகளின்மேல் துணியை ஓட்டிப் பார்ப்போம். துணியின் நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று பொருள்.

கடைசியாக ஒன்று. சுமையை அவசரத்தில் ஒரே வீச்சில் கொட்டிவிடுவதற்கென்று விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். ஓடுபாதையை விட்டு எழும் வேளையில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், சுமையை உடனே உதிர்ப்பது ஒன்றே அவருடைய உயிரைக் காக்கும் வழி. அந்தக் கைப்பிடிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இணைப்பைத் தினமும் இயக்கிப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே விமானத்தை ஒப்படைப்போம். உரத்தூள் பிசின்போல் படிந்து இறுகிக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால், வேறு எதை விட்டாலும் அந்தச் சோதனையை மட்டும் நான் யாரிடமும் விட்டதில்லை.

பழைய வெளிக்காட்டுக் கிராணி எழுதியது:

மெக்கானிக் ஐயா எழுதியதைப் படித்தபோது, நம் தோட்டங்களில் இந்த வேலை ஏன் வேறு உருவம் எடுத்தது என்பது எனக்கு இன்னும் தெளிவாகப் புரிகிறது. நான் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் குளுவாங், லாபிஸ் பகுதிச் செம்பனைத் தோட்டங்களில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது வெளிவேலைகளை மேற்பார்க்கும் எழுத்தராக, இருந்தவன்.

விமான உரம் வருவதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 50 கிலோ மூட்டைகளை லோரி சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போகும். அவர்கள் மூட்டையைப் பிரித்து, வாளியிலோ தோளில் கட்டிய துணியிலோ எடுத்துக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, ஒவ்வொரு மரத்தடியிலும் அளவுக் கிண்ணத்தால் தூவுவார்கள். மேட்டிலும் பள்ளத்திலும், வெட்டிப்போட்ட மட்டைகளின் முள்ளுக்கு நடுவிலும் அந்தச் சுமையோடு நடந்தவர்களின் வேலையைக் கண்ணால் பார்த்தவன் என்னும் முறையில், அது தோட்டத்தின் கடினமான வேலைகளில் ஒன்று என்பேன். பிள்ளைகள் படித்து, தொழிற்சாலை வேலைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு, உரம் போட ஆள் கிடைப்பது அரிதாயிற்று. மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டிய சுற்று, மழை முடிந்த பிறகும் இழுத்துக்கொண்டே போனது. விமானத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது அந்த ஆள் பற்றாக்குறைதான்.

இங்கே வந்தவை ஒற்றை எஞ்சின் விமானங்கள். தோட்டத்துக்குள்ளேயே செம்மண்ணைச் சமன்செய்து உருளையால் அழுத்தி ஓடுபாதை போட்டோம். ஒரு ஹெக்டரில் ஏறக்குறைய 140 மரங்கள். மரத்துக்கு இரண்டு கிலோ வீதம் கணக்கிட்டால் ஹெக்டருக்கு 280 கிலோ. ஆக, ஒரு டன் ஏற்றும் விமானம் ஒரு சுமையில் மூன்றரை ஹெக்டரை முடிக்கும். தூளாக இருக்கும் உரத்தை நாங்கள் விமானத்துக்குக் கொடுப்பதில்லை. காற்றில் பறந்துவிடும் என்பது ஒரு காரணம். ஓலையில் படிந்துவிடும் என்பது இன்னொன்று. குருணையாக இருக்கும் யூரியாவும், பொட்டாஷ் உரமும் ஓலையில் பட்டுத் தெறித்துக் கீழே விழும். ஆனால் ஓலை ஈரமாக இருந்தால் யூரியா ஒட்டிக்கொண்டு இலையைக் கருக்கிவிடும் என்பதால், இரவு மழை பெய்திருந்தால் காலையில் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே காத்திருப்போம்.

வேர் பரவி, மேலே ஓலைகள் ஒன்றோடொன்று கோத்துவிட்ட முதிர்ந்த மரங்களுக்கே இது பொருந்தும். இளங்கன்றுகளின் வேர் சின்ன வட்டத்துக்குள் அடங்கியிருக்கும். அங்கே வானத்திலிருந்து தூவினால் உரம் புல்லுக்கும் மூடுபயிருக்குமே போய்ச் சேரும். அதனால் இளங்கன்று வயல்களில் கடைசிவரை கையால்தான் போட்டோம்.

என் பொறுப்பு, உரம் சரியாகப் பரவுகிறதா என்று பார்ப்பது. விமானத்தின் பாதைக்குக் குறுக்கே, நிரைகளுக்கிடையில் ஒரே அளவுள்ள தட்டுகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்போம். முதலில் எஞ்சின் சத்தம். அதன் பின் ஓலைகளின்மேல் கல்மழை பெய்வதுபோல் ஒரு சடசடப்பு. விமானம் போனதும் ஓடிப்போய் ஒவ்வொரு தட்டிலும் விழுந்த குருணைகளைத் தனித்தனிப் பைகளில் கொட்டி, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நகைத்தராசு போன்ற சிறு தராசில் நிறுப்போம். நடுத்தட்டில் நிறைய விழுந்து ஓரத்தட்டுகளில் குறைவாக விழுவது வழக்கம். எனவே அடுத்த பாதை முந்தைய பாதையின் ஓரத்தைக் கொஞ்சம் மூடிச் செல்ல வேண்டும். எவ்வளவு மூட வேண்டும் என்பதை அந்தத் தட்டுக்கணக்கு சொல்லும். செயற்கைக்கோள் வழிகாட்டி வருவதற்கு முன்பு, பாதையைக் காட்ட நீண்ட மூங்கிலில் சிவப்புத் துணியைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நிற்குமாறு ஆள்களிடம் சொன்னோம். அவர்கள் கண்ணையும் தலையையும் மூடிக்கொள்ள வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

பெரிய விமானம் இங்கே ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, மூட்டை என்பதே என் முதல் பதில். ஐந்து டன் என்றால் 100 மூட்டைகள். நியூசிலாந்தில் உரத்தை மூட்டையில்லாமல் குவியலாக வைத்தார்கள். நம் ஈரக்காற்றில் யூரியாவை அப்படி வைத்தால், இரண்டாம் நாள் அது கட்டியாகிவிடும். பிளாஸ்டிக் உறைபோட்ட மூட்டையைக் கடைசி நிமிடத்தில்தான் பிரிக்க முடியும். ஒரு டன் ஏற்ற 20 மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவதற்கே எங்கள் ஆள்கள் இடைவிடாது ஓடினார்கள். 100 மூட்டைகளைப் பிரிக்கும்வரை, இரண்டு எஞ்சின்களையும் ஓட விட்டுக்கொண்டு ஒரு விமானம் காத்திருக்குமா?

லாபிஸ்காரன் எழுதியது:

கிராணி ஐயாவின் கருத்தோடு நான் பெருமளவு உடன்படுகிறேன்; ஆனால் மூட்டை ஒன்றே காரணம் என்று விட்டுவிட முடியாது. மூட்டைகளை முன்னதாகவே பிரித்து, மூடியுள்ள தொட்டி லோரிகளில் நிரப்பி வைத்திருக்கலாம். மனம் வைத்தால் அதற்கு வழி உண்டு. ஓடுபாதையே பெரிய தடையாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஐந்து டன் சுமந்த டிசி-3 எழுவதற்கு நீளமான, உறுதியான தரை வேண்டும். எந்தத் தோட்ட நிருவாகமும் அதற்காகக் காய்க்கும் மரங்களை அவ்வளவு தூரத்துக்கு வெட்டித் தள்ளாது. விமான நிலையத்திலிருந்து பறக்கலாம் என்றால், நம் தோட்டங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. சின்ன விமானம் தோட்டத்துக்குள்ளேயே எழுந்து சில நிமிடங்களில் திரும்பிவிடும்போது, பெரியது போகவும் வரவும் எரிக்கும் எண்ணெயைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நியூசிலாந்திலும் பண்ணைக்குப் பக்கத்தில் ஓடுபாதை இருந்த இடங்களில் பிளெட்சரும், தொலைவிலிருந்து சுமக்க வேண்டிய இடங்களில் டிசி-3-யும் வேலை செய்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மெக்கானிக் ஐயா இதைத் தெளிவுபடுத்த வேண்டும்.

காலமும் பொருந்தவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய விமானங்கள் அங்கே செழித்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் தோட்டங்களில் ரப்பரே மிகுதி, ஆள்பலமும் இருந்தது. நமக்குத் தேவை வந்தபோது, அவை அங்கேயே ஓய்வு பெறத் தொடங்கிவிட்டன.

இத்தனைக்கும் பெரிய விமானங்கள் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. மலாயாவின் அவசரகாலத்தில், அதாவது கம்யூனிஸ்டுப் படைகளுக்கு எதிராகக் காட்டில் போர் நடந்த காலத்தில், டக்கோட்டாக்கள் காட்டுக்குள் இருந்த படைகளுக்கு உணவுப் பொருள்களைப் பாராசூட்டில் இறக்கின. 1955 முதல், நியூசிலாந்து விமானப்படையின் 41-ஆம் பிரிவு சிங்கப்பூரின் சாங்கியில் தங்கி, மூக்குப்பகுதி இரண்டாகத் திறக்கும் பிரிஸ்டல் பிரைட்டர் விமானங்களில் அதே வேலையைச் செய்தது.

இன்னொரு தொடர்பையும் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் பாறை நம் தோட்டங்களுக்கு நேரடியாகத் தூள் உரமாக வந்தது. எங்கள் ஸ்டோரில் அந்தப் பழுப்பு மூட்டைகளை அடுக்கியது எனக்கு நினைவிருக்கிறது. 1958-இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்படும்வரை, அந்தத் தீவு சிங்கப்பூரின் ஆட்சிப்பொறுப்பில்தான் இருந்தது. அதே தீவின் பாறை நியூசிலாந்துக்கும் கப்பலேறி, அங்கே அமிலத்தில் கரைந்து சூப்பர் பாஸ்பேட் ஆயிற்று. நம் பெண்கள் கையால் தூவியதும், மெக்கானிக் ஐயா தகட்டிலிருந்து சுரண்டியதும் ஒரே பாறையாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

குளுவாங் ஆசிரியை எழுதியது:

ஐயாமார் மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நான் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கிடைத்திருக்கிறது. மேலும் இரண்டு விவரங்கள் தேவைப்படுகின்றன. உரத்தைத் தினமும் தொட்டவர்களின் உடம்பு என்ன பட்டது? பெரிய விமானங்களின் வேலை அங்கே எப்படி முடிவுக்கு வந்தது?

பழைய வெளிக்காட்டுக் கிராணி எழுதியது:

அம்மா, முதல் கேள்விக்கு நம் பக்கத்து விவரத்தைத் தருகிறேன். யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தை இழுப்பவை. வியர்த்த தோலில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். மட்டை முள் கீறிய இடத்தில் பட்டால் உப்பைத் தேய்த்ததுபோல் எரியும். விரலிடுக்குகளில் வெடிப்பு வந்து ஆறாமல் இருந்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும். வேலைக்குப் போகுமுன் கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்வார்கள். கையுறை பிற்காலத்தில் வந்தது. வந்த பிறகும் அந்த வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்வது எளிதாக இல்லை. மூட்டை பிரித்துக் கொட்டிய ஆண்களுக்கும் இதே பாடுதான். நீங்கள் பதிவு செய்யும்போது, உரம் போட்ட அம்மாக்களிடம் விமானத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு அவர்களுடைய கைகளைப் பற்றிக் கேளுங்கள். அதுவரை பேசாதவர்களும் பேசத் தொடங்குவார்கள்.

ஓய்வுபெற்ற விமான மெக்கானிக் எழுதியது:

லாபிஸ் தம்பியின் ஊகம் சரியானதே. டிசி-3 பெரும்பாலும் முறையான விமான நிலையங்களிலிருந்தும் நீண்ட ஓடுபாதைகளிலிருந்தும் பறந்தது. பிளெட்சரோ, குன்றின் உச்சியில் சில நூறு மீட்டர் நீளமுள்ள சரிவான புல்தரையிலிருந்து கீழ்நோக்கி ஓடி எழுந்துவிடும். உரத்தைத் தூவியபின், சரிவின் மேல்நோக்கி ஓடும்படி தரையிறங்கி, அந்த ஏற்றத்திலேயே வேகம் குறைந்து நிற்கும். பண்ணைதோறும் அத்தகைய ஓடுபாதைகள் பெருகப் பெருக, தொலைவிலிருந்து ஐந்து டன்னைச் சுமந்து வர வேண்டிய தேவை சுருங்கியது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும், இரண்டு பெரிய பிஸ்டன் எஞ்சின்கள் குடிக்கும் பெட்ரோலைத் தாங்குவது கடினமாயிற்று. அதற்குள் விமானங்களுக்கும் வயதாகிவிட்டது. அரிப்பைச் சரிசெய்ய ஆகும் செலவு ஆண்டுக்காண்டு கூடியது. பிளெட்சரிலிருந்து வளர்த்தெடுத்த கிரெஸ்கோ, டர்பைன் எஞ்சினோடு 1979-இல் பறந்தது. 1984-இல் அந்நாட்டு அரசு விவசாய மானியங்களை நிறுத்தத் தொடங்கியபோது, பண்ணையாளர்கள் உரம் வாங்குவதையே வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள். பெரிய விமானங்களுக்கு அதற்குப் பிறகு இடமில்லை.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். சூப்பர் பாஸ்பேட்டின் தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மூக்கின் உட்புறம் புண்ணாகும். வயிற்றுக்குள் ஊர்ந்து வேலை செய்யும்போது முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொள்வோம். வெளியே வந்ததும் முதலில் கழுவுவது கண்ணைத்தான். லோரி ஓட்டியவர்களுக்கு இந்தத் தூளோடு எஞ்சின் சத்தமும் சேர்ந்தது. காதுக்கு மூடி போடாமல் ஆண்டுக்கணக்கில் அந்த எஞ்சின்களின் அருகில் நின்ற நண்பர்கள் பலருக்கு, இப்போது தொலைபேசியில் பேசினால் கேட்பதில்லை. எனக்கும் இடக்காதில் கேட்கும் திறன் குறைந்துவிட்டது.

ஒலிப்பதிவுக்கு நீங்கள் குறிக்கும் நாளில் வருகிறேன். தொட்டியின் குறுக்குவெட்டையும், சுமையை உதிர்க்கும் கைப்பிடியிலிருந்து கதவுவரை செல்லும் இணைப்பையும் காகிதத்தில் வரைந்து கொண்டுவருவேன். சொல்லால் விளக்குவதைவிட அது உங்கள் மாணவர்களுக்கு எளிதாக இருக்கும். கிராணி ஐயாவும் அன்று வந்தால், அந்தத் தட்டுக்கணக்கை அவரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். குன்றுகளின்மேல் நாங்கள் தூவிய உரம் எப்படி விழுந்தது என்பதைத் தரையில் நின்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.